ஆயா போன் அடித்தால் நெட் ஏன் போனது?

வணக்கம் மக்களே. தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன், இடையில் லாரி ஹாரன் கேட்கும், பொறுத்துக்கோங்க. எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. பழைய டெலிபோன் கம்பியில்தான் நெட், ஏடிஎஸ்எல்.

போன மாதம் முழுக்க சாயங்காலம் ஏழு மணி ஆனால் நெட் கட். கம்பெனிக்கு மூன்று தடவை கம்ப்ளெயிண்ட், மூன்று தடவையும் ஒரே பதில்: மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்புறம்தான் கவனித்தேன், ஏழு மணிக்குத்தான் ஆயாவின் தங்கச்சி தினமும் போன் பண்ணுவாங்க! மணி அடித்ததும் நெட் போகிறது.

விஷயம் இதுதான். ஒரே ஜோடி செம்புக் கம்பியில் பேச்சும் நெட்டும் ஓடுகின்றன. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும், நெட் 25-க்கு மேலே தொடங்கி ஏடிஎஸ்எல் 2 பிளஸ் என்றால் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டையும் பிரிக்கத்தான் ஸ்ப்ளிட்டர். ஹாலில் அதை மாட்டியிருந்தோம், ஆனால் ஆயா ரூமுக்கு அப்பா எப்போதோ இழுத்த பேரலல் கம்பி ஸ்ப்ளிட்டருக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. அந்த போனுக்கு, நெட் சிக்னலை உள்ளே விடாத ஒரு ஃபில்டர் போட்டேன், ஏழு மணிப் பிரச்சினை தீர்ந்தது.

மழை வந்தால் மட்டும் மறுபடி போனது. சரி என்று மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், பிரௌசரில் 192.168.1.1 அடித்தால் பெரும்பாலும் வந்துவிடும். அதில் இரண்டு எண்கள்தான் முக்கியம். ஒன்று அட்டென்யுவேஷன், அதாவது கம்பியில் வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது: 42 டெசிபல். கிலோமீட்டருக்குச் சுமார் 14 என்று வைத்தால் மூன்று கிலோமீட்டர் கம்பி. கம்பி தொடங்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தால் 15 நிமிடம், ஆனால் கேபிள் நம்மை மாதிரி குறுக்கே நடக்காது, எங்கெங்கோ சுற்றித்தான் வரும். அதனால்தான் விளம்பரத்தில் சொல்லும் 24 எம்பி எக்ஸ்சேஞ்ச் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான், எனக்கு நாலு எம்பி பிளான் நின்றாலே போதும். அப்லோட் 1 எம்பியைச் சுற்றித்தான், இந்த வீடியோ ஏற ராத்திரி ஆகும்.

இன்னொன்று எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைத் தாண்டி சிக்னல் கையில் வைத்திருக்கும் உபரி, இதுவும் டெசிபலில்தான். 6-க்குக் கீழே போனால் லைன் தள்ளாடும். எனக்கு 4. வீட்டு வயரிங்கை எல்லாம் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து வரும் கம்பியை நேராக மோடத்தில் செருகிப் பார்த்தேன். அப்பவும் 4. கோளாறு வெளியேதான்.

லைன்மேன் வந்ததும், "அண்ணே, வீட்டுக்குள்ள சுத்தமா கழட்டிப் பாத்துட்டேன், எஸ்என்ஆர் நாலுதான்" என்றேன். மறுபேச்சே இல்லாமல் தெருமுனையில் வீடுகளுக்குக் கம்பி பிரியும் டிபி பாக்ஸைத் திறந்தார். கடல் காத்து அடிக்கிற ஊரு இல்லையா, ஜாயிண்ட் முழுக்கப் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட், தண்ணீர் இறங்காமல் என்ன செய்யும்? அதை வெட்டிவிட்டு, உள்ளே ஜெல் வைத்த சின்னக் கனெக்டரில் இரண்டு கம்பியையும் அழுத்திப் பூட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எஸ்என்ஆர் 12.

நேற்று கொட்டிய மழையிலும் நெட் போகவில்லை. மணி ஏழு... கேட்குதா, கீழே போன் அடிக்குது. மோடம் விளக்கைப் பாருங்க, அசையவே இல்லை. இருங்க, ஆயா கூப்பிடுறாங்க, போனை எடுத்துக் கொடுத்துட்டு வரேன்.