கட்சி வெறியா, கம்பெனிப் பணமா? “கம்பெனிப் பணமே” அணியின் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

“மாநில அரசியல் கெட்டுப்போனதற்குக் காரணம் கட்சி வெறியா, கம்பெனிப் பணமா?” இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், ‘நம்ம ஆள் தப்பு செய்தாலும் நம்ம ஆள்’ என்று தொண்டர்கள் கண்ணை மூடிக்கொள்வதுதான் எல்லாக் கேட்டுக்கும் வேர் என்றார். அவருடைய ஆத்திரம் நியாயமானது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். கட்சி வெறிதான் வேர் என்றால், கட்சிகள் எல்லா விஷயத்திலும் மோதிக்கொள்ள வேண்டுமே! பணம் வரும் வழி என்று வந்துவிட்டால் மட்டும் ஏன் ஒருவரும் மோதுவதில்லை?

2014 மார்ச் மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் துணைக் கம்பெனிகளிடமிருந்து நன்கொடை வாங்கியதில் பா.ஜ.க., காங்கிரஸ் இரண்டுமே வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறிவிட்டன, நடவடிக்கை எடுங்கள் என்றது. நடவடிக்கை வந்ததா? சட்டம்தான் திருத்தப்பட்டது. 2016-இல் நிதிச் சட்டத்தின் மூலம் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதற்கான விளக்கத்தையே மாற்றி, அதை 2010 முதல் செல்லும் என்றார்கள். குற்றம்சாட்டப்பட்ட நன்கொடைகள் அதற்கும் முந்தையவை. எனவே 2018-இல் இன்னொரு திருத்தம், இந்த முறை 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கி. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் போய்த் துடைத்துவிட்டு வந்தார்கள். அந்த நிதி மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு கட்சிகளுக்கும் ஒரே திருத்தத்தில் விடுதலை. இதில் கட்சி வெறி எங்கே இருக்கிறது, நண்பரே?

அடுத்து, தேர்தல் பத்திரம், அதாவது கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் கொடுக்க வங்கியில் வாங்கும் சீட்டு. அதற்கு முன்னால் நிலைமை என்ன? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 182-ஆம் பிரிவு ஒரு வரம்பு வைத்திருந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு கம்பெனி கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது. சராசரி லாபம் 100 கோடி என்றால் ஏழரைக் கோடிதான். லாபமே இல்லை என்றால் ஒரு ரூபாயும் கொடுக்க முடியாது. எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பதையும் வரவு செலவுக் கணக்கில் எழுத வேண்டும். 2017 நிதிச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டது. நட்டத்தில் ஓடும் கம்பெனி தன் பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுக்காமல், கட்சிக்கு மட்டும் கோடி கொடுக்கிறது என்றால், அந்தப் பணம் உண்மையில் யாருடையது என்று கேட்க வேண்டாமா? ரிசர்வ் வங்கி எதிர்த்தது. தேர்தல் ஆணையம் எழுத்திலேயே ஆட்சேபம் சொன்னது. ஆனாலும் 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தே விட்டது.

விற்பவர் ஒரே வங்கி, ஸ்டேட் பேங்க். 1,000 ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை ஐந்து வகைப் பத்திரங்கள். வாங்கிய பதினைந்து நாளுக்குள் கட்சி அதைப் பணமாக்க வேண்டும். பத்திரத்தில் பெயர் கிடையாது, ஆனால் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் ரகசிய எண் உண்டு. மக்களுக்கு இருட்டு, அரசு வங்கிக்கு வெளிச்சம். மொத்தம் முப்பது தவணைகளில் விற்பனையானது ஏறக்குறைய 16,518 கோடி ரூபாய். அதில் மிகப் பெரும்பகுதி ஒரு கோடிப் பத்திரங்கள். சாமானியத் தொண்டன் வாங்குகிற பத்திரமா அது?

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். விவரம் கொடுக்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது வங்கி. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து மறுநாளே கொடு என்றது, கொடுத்தார்கள். வந்த பட்டியலைப் பாருங்கள். முதலிடம் பா.ஜ.க. அதற்குப் பின்னால் வரிசையில், காங்கிரஸைத் தவிர, வேறு யார்? அப்போது மேற்கு வங்கத்தை ஆண்ட திரிணாமூல், தெலங்கானாவை ஆண்ட பி.ஆர்.எஸ்., ஒடிசாவை ஆண்ட பிஜு ஜனதா தளம், தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க. தத்தம் மாநிலத்தைத் தாண்டினால் பெரிய பலம் இல்லாத கட்சிகள் இவை. அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கான கோடி, சிலருக்கு ஆயிரம் கோடிக்கும் மேல். ஏனென்றால் நிலம், குவாரி, மின்சாரம், மதுக்கடை, கட்டட அனுமதி எல்லாம் மாநில அரசின் மேசையில் இருக்கின்றன.

நம் மாநிலக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தி.மு.க. பத்திரம் மூலம் பெற்றது 2020-21-இல் 80 கோடி. 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்தது. 2021-22-இல் 306 கோடி. கொள்கை அதேதான், தலைமை அதேதான், தொண்டர்களும் அவர்களேதான். மாறியது நாற்காலி. கட்சி தானே வெளியிட்ட விவரப்படி, மொத்தம் 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. 2003-லேயே லாட்டரியைத் தடை செய்த மாநிலம் இது! தி.மு.க.வை மட்டும் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அதே நிறுவனத்தின் பத்திரங்கள் திரிணாமூலுக்கும் போயின, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கும் போயின, பா.ஜ.க.வுக்கும் போயின, காங்கிரஸுக்கும் போயின. அன்றைய சட்டப்படி அது குற்றமும் அல்ல. கொடுத்தவருக்குக் கட்சி வெறி இல்லை என்பதுதான் நான் காட்ட வந்தது. பத்திரமே வேண்டாம் என்று மறுத்து, வழக்கும் போட்ட மார்க்சிஸ்ட் கட்சியையும் இங்கே சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை.

‘தேர்தல் செலவுக்கு வரம்பு இருக்கிறதே, இவ்வளவு பணம் எதற்கு?’ என்று நடுவர் கேட்கலாம். சட்டமன்ற வேட்பாளருக்கு வரம்பு 40 லட்சம். 234 தொகுதிக்கும் பெருக்கினால் 93 கோடியே 60 லட்சம். ஆனால் கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. 1974 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்றது. அதே மாதம் அவசரச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கினார்கள். அன்று திறந்த மடை இன்னும் அடைபடவில்லை. அதற்குப் பிறகு எத்தனை கட்சிகள் ஆண்டுவிட்டன!

கொடுத்த பணம் எப்படித் திரும்புகிறது? எல்லா நேரமும் பெட்டியில் அல்ல, விதிமுறையில். 1998-லேயே டெண்டர் வெளிப்படைச் சட்டம் கொண்டுவந்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. இரண்டு கோடி வரையான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஆனால் மேலதிகாரி காரணம் எழுதி அந்த நாளைக் குறைக்கலாம். பத்துச் சிறு சாலைகளை ஒரே ‘பேக்கேஜ்’ ஆக்கி, இத்தனை கோடி ஆண்டு வரவு செலவு, இதே போன்ற வேலையில் இத்தனை ஆண்டு அனுபவம் என்று தகுதி நிபந்தனை வைத்தால், உள்ளூர் ஒப்பந்ததாரர் தகுதியைப் பார்க்கும் முதல் கவரிலேயே வெளியே. விலை எழுதிய இரண்டாவது கவரைத் திறக்கும்போது விலையில் போட்டி போட ஆளே இருக்காது. காகிதத்தில் ஒரு விதியும் மீறப்படவில்லை.

சட்டமும் அப்படித்தான் வருகிறது. 2023 பிப்ரவரியில், பா.ஜ.க. ஆண்ட கர்நாடகம் ஆலைத் தொழிலாளரின் வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டத் திருத்தம் கொண்டுவந்தது. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 21 அன்று, தி.மு.க. ஆண்ட தமிழ்நாட்டிலும் அதே பன்னிரண்டு மணி நேரத்துக்கு வழிவிட, தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்க்கும் திருத்தம். முதலீட்டாளர்கள் நெகிழ்வான வேலை நேரத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று அமைச்சர்களே காரணம் சொன்னார்கள். மேடையில் எதிரும் புதிருமான இரண்டு கட்சிகள், ஒரே மசோதா. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே நாளில் வாபஸ் அறிவிப்பு.

‘பார்த்தீர்களா, மக்கள் நினைத்தால் முடிகிறதே’ என்று எதிரணி இப்போது எழுந்து சொல்லும். சொல்லுங்கள். ஆனால் அதே ஏப்ரல் 21 அன்று, அதே அவையில், விவாதமே இல்லாமல் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது. நில ஒருங்கிணைப்பு, சிறப்புத் திட்டங்களுக்கான சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத ஒரு திட்டம், உள்ளே ஓடையோ வாய்க்காலோ ஏரியோ வந்தாலும், சிறப்புத் திட்டமாக அறிவிக்கப்பட்டால் அந்த நிலத்தைச் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. 247 ஏக்கர் திட்டம் போடுவது சிறு விவசாயியா, கம்பெனியா? வேலை நேரச் சட்டத்துக்குக் கொதிக்கத் தொழிற்சங்கம் இருந்தது. வாய்க்காலுக்குச் சங்கம் ஏது? விவசாய அமைப்புகள் எதிர்த்தும் 2024 அக்டோபரில் அது நடைமுறைக்கே வந்துவிட்டது.

நடுவர் அவர்களே, அந்த இரண்டாவது மசோதாவையும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.