வெள்ளி படிந்த கைகள்: யூதாஸைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்

வணக்கம், எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இன்று சமையல் வீடியோ இல்லை. நேற்று இரவு இயேசுவின் கடைசி நாட்களைப் பாட்டாகவே சொல்லும் ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ நாடகம் பார்த்துவிட்டு வந்தேன். தூக்கமே வரவில்லை. இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ் மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறான்.

முதலில் என் இருக்கைக்கு முன்னால் நின்ற அந்தத் தூணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் 38 பவுண்டு. ‘பார்வை சற்று மறைக்கும்’ என்று போட்டிருந்தது. சற்றா? மேடையின் இடது பக்கமே காணவில்லை! யூதாஸ் பாடும் முதல் பாட்டில் எனக்கு முழங்கை மட்டும்தான் தெரிந்தது. 38 பவுண்டு வாங்குகிறவர்கள் எவ்வளவு மறைக்கும் என்று ஒரு படமாவது போட வேண்டாமா? இடைவேளையில் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் போய்ச் சொன்னேன். நடுவில் நான்காவது வரிசையில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒரு பைசா கூடக் கேட்கவில்லை. அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவின் கீழே ஒருவர், “யூதாஸுக்குப் பண ஆசை, அவ்வளவுதான், இதில் பேச என்ன இருக்கிறது?” என்று எழுதியிருந்தார். இருக்கிறது. ஞாயிறு பள்ளி நாடகங்களில் யூதாஸ் கையில் ஒரு சுருக்குப்பையோடு, முதல் காட்சியிலிருந்தே முறைத்துக்கொண்டு வருவான். எனக்கு அது அன்றைக்கும் பிடிக்காது. இப்படி ஒருவனை மூன்று வருடம் கூடவே வைத்திருந்த சீடர்கள், “என்னைக் காட்டிக்கொடுப்பவன் உங்களில் ஒருவன்” என்று இயேசு சொன்னதும் ஏன் “நானோ?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்? அவனைப் பார்த்து யாருக்கும் சந்தேகமே வரவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்த நாடகத்துக்கு இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெபரும் பாட்டெழுதிய டிம் ரைஸும் இங்கேதான் துணிந்திருக்கிறார்கள். நாடகத்தின் முதல் பாட்டே இயேசுவுக்கு இல்லை, யூதாஸுக்கு. கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது, ரோமர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள், எல்லாரையும் நசுக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். அவனை ஆட்டுவது பேராசை இல்லை, பயம்.

அடுத்து, ஒரு பெண் இயேசுவின் மேல் ஊற்றிய அந்த விலையுயர்ந்த தைலம். பைபிளில் யோவான் 12-ஆம் அதிகாரத்தில் யூதாஸ், இதை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான். ஒரு கூலியாளுக்கு ஏறக்குறைய ஒரு வருட சம்பளம் அது. யோவான் உடனே, அவன் திருடன், பணப்பையிலிருந்து எடுப்பவன் என்று சொல்லிவிடுகிறார். ஆனால் மத்தேயுவில் முறுமுறுப்பது சீடர்கள். மாற்குவில் ‘சிலர்’. இந்த நாடகத்தில் கேட்பது யூதாஸ்தான், ஆனால் அவன் திருடன் இல்லை. ஏழைகளைப் பற்றி மனதாரத்தான் கேட்கிறான்.

நேற்று என்னை உலுக்கியது இதற்குப் பிறகு வரும் இடம். இயேசுவைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி யூத ஆசாரியர்கள் யூதாஸிடம் பணத்தை நீட்டுகிறார்கள். இரத்தப் பணம் எனக்கு வேண்டாம் என்கிறான். அவர்கள் விடுவதில்லை. வாங்கிக்கொள், ஏதாவது தர்மத்துக்குக் கொடு, ஏழைகளுக்குக் கொடு என்கிறார்கள். கவனித்தீர்களா? தைலத்துக்காக அவன் சண்டை போட்ட அதே வார்த்தையைத் தூண்டிலில் மாட்டி அவனையே பிடிக்கிறார்கள்! இந்தப் பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இது நேற்றுதான் உறைத்தது.

அந்தக் காட்சியையும் தூண் விழுங்கிவிட்டது. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இது 2016-இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கில் டிமோதி ஷீடர் இயக்கிய தயாரிப்பு. அப்புறம்தான் ஊர் ஊராகப் போனது. இரண்டாம் பாதியில் புது இடத்திலிருந்து பார்க்கிறேன், யூதாஸின் இரண்டு கையும் வெள்ளி நிறத்தில் மின்னுகின்றன. பணப்பெட்டிக்குள் கைவிட்டபோது ஒட்டிய சாயம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவன் அதோடுதான் கடைசிவரை நடமாடுகிறான்.

1971-இல் நியூயார்க்கின் பிராட்வேயில் இந்த நாடகம் அரங்கேறியபோது வாசலில் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. லூக்கா, சாத்தான் அவனுக்குள் புகுந்தான் என்று எழுதியிருக்கிறார், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மத்தேயுவில் முப்பது வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்துவிட்டு, குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று கதறுபவனும் இதே யூதாஸ்தானே? அவனிடம் ஆசாரியர்கள், “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்கிறார்கள். காசுக்காக மட்டும் செய்தவன் காசைத் திருப்பிக் கொண்டுவருவானா?

இயேசுவைப் பற்றிய இன்னொரு இசை நாடகமான ‘காட்ஸ்பெல்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகனும் யூதாஸும் ஒரே நடிகர். அழகான யோசனைதான், ஆனால் ஏன் காட்டிக்கொடுத்தான் என்பதற்குள் அது போகவே இல்லை. எனக்குப் போதவில்லை. ‘சூப்பர்ஸ்டார்’ 1973-இல் படமாக வந்தது, அதில் கார்ல் ஆண்டர்சன் யூதாஸாக நடித்திருக்கிறார், பாலைவனத்தில் பீரங்கி வண்டிகள் அவரைத் துரத்தும். அதை மட்டுமாவது பாருங்கள்.

சாகும் முன் யூதாஸ் பாடும் மெட்டைக் கேட்டீர்களா? அது அவனுடையது இல்லை. முதல் பாதியில் இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாள் பாடியது, இவரை எப்படி நேசிப்பது என்றே தெரியவில்லை என்கிற பாட்டு. அதே மெட்டில், அதே சொற்களை இவன் பாடுகிறான், அந்த வெள்ளிக் கைகளோடு. நான்காவது வரிசையில், எந்தத் தூணும் இல்லாமல் அதை முழுசாகப் பார்த்தேன்.