பிராட்னிஞ்ச் முதல் யாட்கின் வரை: ஒரு குவேக்கர் குடும்பத்தின் ஏட்டுச் சுவடுகள்

அவைத்தலைவர் அவர்களே, ஆவணங்களின் மேல் அன்பு கொண்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

1717ஆம் ஆண்டு, பென்சில்வேனியாவில் க்வினெட் என்னும் ஊரில், குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினரின் வட்டாரச் சபையான மாதக் கூட்டத்தின் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. பிரிட்டனிலுள்ள கல்லம்ப்டன் மாதக் கூட்டத்திடமிருந்து தம் நல்வாழ்வுக்கும் நன்னடத்தைக்கும் பெற்ற சான்றுக் கடிதத்தை மூத்தவரான ஜார்ஜ் பூன் கொண்டுவந்து காட்டினார், அது படிக்கப்பட்டு மனமுவந்து ஏற்கப்பட்டது என்பதுதான் அந்த வரியின் பொருள். இன்று நான் பேசப் போவதெல்லாம் இந்த வரியிலிருந்து தொடங்குகிறது.

இந்த ஜார்ஜ் பூன் யார் என்று கேட்டால், கென்டக்கிக்கு வழி திறந்தவர் என்று அமெரிக்கர்கள் போற்றும் டேனியல் பூனின் பாட்டனார் என்று சொல்லலாம். பேரனின் புகழுக்காகத் தாத்தாவைத் தேடியவர்கள் பலர். ஆனால் பேரன் புகழ் பெறாமலே போயிருந்தாலும் இந்தக் குடும்பத்தை நாம் இதே அளவுக்கு அறிந்திருக்க முடியும். அதற்குக் காரணம் அவர்கள் குவேக்கர்களாக இருந்ததுதான்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் பிரசங்கத்திலிருந்து எழுந்த இயக்கம் இது. தங்களை நண்பர்கள் என்றும் தங்கள் அமைப்பை நண்பர்கள் சங்கம் என்றும் அவர்கள் அழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாதிரியார் இல்லை, ஞானஸ்நானம் இல்லை. அரசுத் திருச்சபைக்குத் தசமபாகம் செலுத்தவும் மறுத்தார்கள். அக்கால இங்கிலாந்தில் ஒருவர் பிறந்ததற்கும் மணந்ததற்கும் இறந்ததற்கும் ஊர்த் தேவாலயத்தின் பதிவேடே சான்று. அந்தத் தேவாலயத்தின் வாசலை மிதிக்காதவர்கள், தங்கள் குழந்தைகள் முறையாகப் பிறந்தவர்கள் என்பதற்கும், சொத்துக்கு உரிமை உடையவர்கள் என்பதற்கும் தாங்களே ஏடு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வைத்தார்கள், அதுவும் எப்படிப்பட்ட ஏடு! மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், ஆண்டுக் கூட்டம் என ஒவ்வொரு நிலையிலும் குறிப்பேடு உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூட்டமும் தனித்தனிக் குறிப்பேடும் உண்டு. தசமபாகம் தராததற்காக அதிகாரிகள் பறித்துச் சென்ற மாட்டையும் பாத்திரத்தையும் விலையோடு எழுதிய துன்பப் பதிவேடுகளும் உண்டு. இங்கிலாந்தின் குவேக்கர்கள் 19ஆம் நூற்றாண்டில் அரசிடம் ஒப்படைத்த பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இன்று லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பென்சில்வேனியாக் கூட்டங்களின் ஏடுகளில் பெரும்பகுதியை ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்டு ஆகிய இரு கல்லூரிகளின் நூலகங்கள் காக்கின்றன.

இனி அந்த வரிக்குத் திரும்புவோம். ஜெர்மானியர்களைப் போன்ற அயல்நாட்டார் பென்சில்வேனியாவுக்கு வந்தால் பெயர்ப் பட்டியல் எழுத வேண்டும் என்ற முறையே 1727இல்தான் தொடங்கியது. பிரிட்டிஷ் குடிகள் கப்பலிலிருந்து இறங்கி நடந்து போய்விடலாம்; அவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை. ஆகையால் ஓர் ஆங்கிலக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கண்டறிவது பெரும்பாலும் கடலில் ஊசியைத் தேடும் வேலை. குவேக்கர் மட்டும் இடம் பெயரும்போது, இவர் கடன் பாக்கி வைக்காதவர், ஒழுக்கமானவர், மணமாகாதவரானால் திருமண வாக்கு எதிலும் கட்டுப்படாதவர் என்று தம் பழைய கூட்டத்திடம் சான்று வாங்கிக்கொண்டுதான் புறப்படுவார். அனுப்பிய கூட்டத்தின் ஏட்டில் ஒரு குறிப்பு, ஏற்ற கூட்டத்தின் ஏட்டில் ஒரு குறிப்பு என்று கடலின் இரு கரையிலும் முளை அடித்ததுபோல் இரண்டு பதிவுகள் நிற்கும். கல்லம்ப்டன் என்ற அந்த ஒரு சொல் நம்மை நேராக டெவன் மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

அங்கே கல்லம்ப்டனுக்கு அருகே பிராட்னிஞ்ச் என்ற சிற்றூர். கம்பளித் துணிக்குப் பேர்போன டெவனில் ஜார்ஜ் பூன் ஒரு நெசவாளர். மனைவி மேரி மோக்ரிட்ஜ். குடும்பத்தோடு ஒரேயடியாகக் கப்பலேறிவிடவில்லை அவர். பிள்ளைகளில் ஜார்ஜ், சாரா, ஸ்குவயர் ஆகிய மூவரை 1713 வாக்கில் முன்னே அனுப்பி, நாடு எப்படியென்று பார்க்கச் சொன்னார். அவர்களிடமிருந்து சேதி வந்தபின், 1717 ஆகஸ்டில் வீட்டை விட்டுக் கிளம்பி, மனைவியோடும் மற்றப் பிள்ளைகளோடும் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஃபிலடெல்பியா சேர்ந்தார். அவர்கள் கடைசியில் குடியமர்ந்த பகுதிக்கு எக்ஸெட்டர் என்று டெவனின் தலைநகர்ப் பெயரே வைக்கப்பட்டது. ஸ்குவயர் என்பது பட்டப்பெயர் அன்று, இட்டபெயர். இதை அறியாமல் இவரைப் பண்ணையார் என்று எண்ணிவிடுவோர் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இந்த ஏடுகளில் காலடி வைக்கும் புதியவரை இடறிவிடும் கல் ஒன்று இருக்கிறது: தேதி. அக்காலக் குவேக்கர்கள் கிழமைப் பெயரையும் மாதப் பெயரையும் எழுத மாட்டார்கள். பழைய தெய்வங்களின் பெயர்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் மறுப்பு. முதல் நாள், இரண்டாம் நாள் என்றும், முதல் மாதம், இரண்டாம் மாதம் என்றும் எண்ணால் எழுதுவார்கள். அதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் நாள். ஆகவே முதல் மாதம் என்றால் மார்ச்; எட்டாம் மாதம் என்றால் அக்டோபர்; பன்னிரண்டாம் மாதம் என்றால் பிப்ரவரி. செப்டம்பர், அக்டோபர் என்ற சொற்களுக்குள்ளேயே ஏழு, எட்டு என்ற லத்தீன் எண்கள் இருப்பதை நினைவில் கொண்டால் தடுமாற்றம் இல்லை. சித்திரையில் ஆண்டு பிறப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஜனவரியைத் தவிர வேறு மாதத்திலும் ஆண்டு தொடங்கலாம் என்பது புதிதும் அல்ல. ஆனாலும் பெரிய ஆராய்ச்சியாளர்களே இங்கு சறுக்கியிருக்கிறார்கள். ஸ்குவயர் பூனுக்கும் வேல்ஸ் குடும்பத்துப் பெண்ணான சாரா மார்கனுக்கும் க்வினெட்டில் நடந்த திருமணத்தை 1720 ஜூலை 23 என்று எழுதுவோரும் உண்டு, செப்டம்பர் 23 என்று எழுதுவோரும் உண்டு; ஏழாம் மாதத்தை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை. அவர்கள் மகன் டேனியல் பிறந்தது 1734இல், பழைய கணக்கில் அக்டோபர் 22, புதிய கணக்கில் நவம்பர் 2. 1752 செப்டம்பரில் நாட்காட்டியைத் திருத்தியபோது 11 நாட்களை நீக்கியதன் விளைவு அது. ஏட்டில் கண்டதைக் கண்டபடியே முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மாற்றியதைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள் என்று இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரையும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

திருமணம் என்றதும் இன்னொன்று. அக்காலக் குவேக்கர் மணமக்கள் அடுத்தடுத்த இரண்டு மாதக் கூட்டங்களில் தங்கள் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். இடையே, வேறு தடை ஏதும் உண்டா என்று கூட்டம் ஆளனுப்பி விசாரிக்கும். மணநாளில் பாதிரியார் இல்லாமல் இருவரும் எழுந்து நின்று ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வார்கள். வந்திருந்தவர் அனைவரும் மணச்சான்றில் கையெழுத்திடுவார்கள். மணமக்களின் பெயருக்கு நேர்கீழே நெருங்கிய உறவினர் ஒப்பமிடுவது வழக்கமாதலால், ஒரு தாளில் ஓர் உறவுக் கூட்டமே வந்து நிற்கிறது. வாழ்நாளில் வேறெங்கும் எழுத்தில் வராத அத்தையும் சித்தப்பாவும்கூட அங்கே தங்கள் கையால் பெயரெழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆயினும் என்னை இந்த ஏடுகளோடு கட்டிப்போட்டவை ஒழுங்காக நடந்த திருமணங்கள் அல்ல. விதி மீறப்பட்ட இடங்களில்தான் குறிப்பேடு வாய் திறந்து பேசுகிறது. 1720இல் ஜார்ஜ் பூன், சங்கத்தைச் சேராத ஜான் வெப் என்பவர் தம் மகள் மேரியோடு பழகுவதற்கு முந்திக்கொண்டு இசைவு தந்தது தவறு என்று கூட்டத்தின் முன் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். 22 ஆண்டுகளுக்குப் பின் அதே நிலையில் அவர் மகன் ஸ்குவயர் நிற்கிறார். அவருடைய மூத்த மகள் சாரா, சங்கத்தைச் சேராத ஜான் வில்காக்சனை மணந்துவிட்டாள். அவர்கள் பழகுவது தெரிந்த பின்னும் வீட்டில் வைத்துக்கொண்டது தம் குற்றமே என்று அவர் ஒப்புக்கொள்கிறார். இருவரும் ஏற்கெனவே எல்லை கடந்துவிட்டதை ஓரளவு உணர்ந்திருந்ததால், என்ன செய்வதென்று அறியாமல் பெரும் நெருக்கடியில் இருந்ததாகவும் சொல்கிறார். இனிமேல் கவனமாக இருப்பேன் என்று நம்பிக்கை தெரிவிக்கிறார். ஒரு தகப்பனின் திணறல், கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் நம் காதில் விழுகிறது. எந்த நிலப்பத்திரமும் எந்த வரிப்பட்டியலும் இதை நமக்குத் தந்துவிடாது.

ஓபரா பாடகராயிருந்து பிற்காலத்தில் குவேக்கர் ஏடுகளைத் தொகுக்க முனைந்த வில்லியம் வேட் ஹின்ஷாவின் பெருந்தொகுதிகள் 1936 முதல் வெளிவந்தன. அவருடைய உழைப்புக்கு இத்துறை என்றும் கடன்பட்டது. ஆனால் அத்தகைய தொகுப்புகளில் ஒரு பக்க அளவுள்ள மனவருத்தமும் இரண்டு மூன்று எழுத்துக் குறியாகச் சுருங்கிவிடும். குறியைக் கண்டதும் பெயரைக் குடும்ப மரத்தில் ஏற்றிவிட்டுப் போகாமல், மூல ஏட்டைத் திறந்து, முடியுமானால் பெண்கள் கூட்டத்தின் ஏட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதியவர் ஜார்ஜ் பூன் 1744இல் காலமானார். அப்போது உயிரோடிருந்தவர்கள் 8 பிள்ளைகள், 52 பேரப்பிள்ளைகள், 10 கொள்ளுப்பேரர்கள், ஆக 70 பேர் என்றும், யாக்கோபின் வீட்டார் எகிப்துக்குப் போன எண்ணிக்கையும் இதுவே என்றும் கணிதத்தில் வல்லவரான பேரன் ஜேம்ஸ் பூன் பிற்காலத்தில் எழுதி வைத்தார். தாத்தாவை விவிலியத்தின் வரிசையில் வைத்துப் பார்த்த பேரனின் பெருமிதம் அந்தக் கணக்கில் தெரிகிறது.

அந்த 70 பேரும் ஒரே கூட்டத்தின் நிழலில் தங்கவில்லை. ஸ்குவயரின் மூத்த மகன் இஸ்ரேலும் 1747இல் சங்கத்துக்கு வெளியே மணம் செய்தார். இந்த முறை தகப்பனார் வருத்தம் தெரிவிக்க மறுத்தார். கூட்டம் ஆளனுப்பிப் பேசிப் பார்த்தது, அவர் அசையவில்லை, 1748இல் அவரைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வரலாம். ஆனால் சங்கத்தின் காரியங்களில் அவருக்கு இடமில்லை, வேறு ஊருக்குப் போனால் சான்றுக் கடிதமும் இல்லை. மனைவி சாரா உறுப்பினராகவே நீடித்தார். ஒரே வீட்டில் மனைவியின் பெயர் ஏட்டுக்கு உள்ளே, கணவரின் பெயர் ஏட்டுக்கு வெளியே. அந்த வீட்டின் உணவு மேசையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். டேனியலுக்கு அப்போது வயது பதின்மூன்றோ பதினான்கோ.

1750இல் ஸ்குவயர் எக்ஸெட்டரை விட்டுக் குடும்பத்தோடு தெற்கே புறப்பட்டு, வட கரோலினாவின் யாட்கின் ஆற்றுப் பள்ளத்தாக்கை அடைந்தார். தந்தை டெவனிலிருந்து வந்தபோது கையில் சான்று இருந்தது. மகன் போகும்போது சான்று இல்லை. எனவே ஆராய்பவர் இந்த இடத்தில் கருவியை மாற்றிக்கொள்ள வேண்டும். இனி உதவுவது நிலப்பதிவுதான். 1753இல் கிரான்வில் பிரபுவின் நிலப்பகுதியில் ஸ்குவயர் 640 ஏக்கர் பெற்ற பதிவு கிடைக்கிறது. அவர் வேலிக்குள் மாடு எத்தனை, விளைச்சல் எவ்வளவு என்று ஊகிக்கலாம். மகளைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை இனி யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

பழைய குவேக்கர்கள் கல்லறைக்குப் பெயர்க்கல் நடுவதை ஆடம்பரம் என்று விலக்கியவர்கள். ஆதலால் பென்சில்வேனியாவில் அந்தத் தலைமுறையாரின் கல்லைத் தேடி நடப்பதில் பயனில்லை. ஸ்குவயர் பூனுக்கோ கல் இருக்கிறது. வட கரோலினாவில் மாக்ஸ்வில் என்னும் ஊருக்கு அருகே ஜாப்பா இடுகாட்டில், 1765ஆம் ஆண்டு, வயது அறுபத்தொன்பது நடக்கையில் காலமானதாகப் பொறித்த கல் அது. உளி பிடித்தவருக்கு எழுத்துப் பழக்கம் குறைவு போலும், ஒலித்தபடியே செதுக்கியிருக்கிறார். மாதத்தை எண்ணால் மட்டுமே எழுதிவந்த சபையில் வளர்ந்தவரின் தலைமாட்டில், ரோமானியர்களின் ஜானஸ் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த ஜனவரி என்ற சொல் முழுதாக, எழுத்துப்பிழையோடு நிற்கிறது.