ஐந்து மைலும் ஒரு சுவரும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, உடல்நலம் சரியில்லாத நிலையிலும் வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களே, அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் கொத்தனார் சங்கத்து அண்ணாச்சிகளே, நாளைய நகரங்களை வரையப்போகும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்றார்கள் பெரியவர்கள். வருங்காலத்துக்குக் கட்டடக் கலைஞர் செய்ய வேண்டிய கடமை என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். வெயில், தண்ணீர், சுவர் என்று மூன்றைப் பேச வந்தேன்.

மாலை வெயில் தாழ்ந்து அடிக்கும். இரண்டடி சன்ஷேடு அதைத் தடுக்காது. மாடிப்படி, கழிவறை, சாமான் அறை இவற்றை மேற்கே வையுங்கள். படுக்கையறையை மேற்கே போட்டுவிட்டு ஏசி வாங்கிக்கொள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள்.

லாரி பேக்கரை அறிவீர்கள். இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர், 1917-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்துக் கிடக்கிறார். அங்கே காந்தியைப் பார்க்கப் போகிறார். காலில் துண்டுத் துணிகளால் கையாலேயே செய்த செருப்பு! காந்தியின் கண் நேரே அந்தச் செருப்பில் விழுகிறது. பேச்சு வளர்கிறது. வீடு கட்டும் பொருளெல்லாம் அந்த வீட்டைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்கிறார் காந்தி. ஐந்தே மைல்! அந்தச் சொல்லைப் பேக்கர் கடைசிவரை விடவில்லை. இமயமலைப் பக்கம் பிதோராகட்டில் ஊர்க் கொத்தனார்களிடம் பாடம் கேட்டார். திருவனந்தபுரம் வந்து செங்கல்லில் எத்தனை கட்டடங்கள்! சிறுகக் கட்டிப் பெருக வாழ்ந்தவர் அவர்.

அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்ற செங்கல் சுவர் முறைக்காகத்தான் ஊர் ஊராகப் பேசி வருகிறேன். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்துங்கள். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. அடுத்து இரண்டையும் இணைத்துக் குறுக்கே ஒன்று. 230 மில்லிமீட்டர் சுவரில் 75 மில்லிமீட்டர் கல் இரண்டு போக, நடுவே 80 மில்லிமீட்டர் காற்று நிற்கும். வெக்கை உள்ளே வரத் தாமதமாகும். செங்கல் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், கலவையும் குறையும். அத்தனை கல்லுக்குச் சூளையில் விறகும் கரியும் எரியவில்லை என்று பொருள்.

கெடுவது எங்கே? கொத்தனார் பழக்கத்தில் கலவையைச் சுவர் முழுக்கப் பரப்பிவிடுவார். அது இடைவெளிக்குள் விழுந்து கெட்டியாகி, வெக்கைக்கும் ஈரத்துக்கும் பாலம் போட்டுவிடும். 80 மில்லிமீட்டர் அகல ரீப்பர் கட்டையை, அதாவது நீண்ட மரச்சட்டத்தை, இடைவெளியின்மேல் வைத்துவிட்டு இரண்டு ஓரத்திலும் கலவை போடுங்கள். பிறகு கட்டையை எடுங்கள். கல்லின் நீளம் ஒன்றுபோல் இல்லாவிட்டால் குறுக்குக்கல் துருத்தும். அதனால் சேம்பர் சூளையில் சுட்ட, அளவு பிசகாத செங்கல்லாகப் பொறுக்குங்கள். அடிவரிசை, சன்னல் அடிமட்டம், கதவு சன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம், கூரைக்குக் கீழ்வரிசை, கதவு சன்னல் ஓரங்கள் இவையெல்லாம் இடைவெளி இல்லாத கெட்டிக் கட்டாகவே இருக்க வேண்டும். கட்டி முடித்த பிறகு மின்குழாய்க்கு உளி வைத்தால் கல் உடைந்து பொந்து தெரியும். சுவிட்ச் பெட்டி எங்கே வரும் என்பதைக் கட்டுமுன்பே வரைபடத்தில் குறியுங்கள். குழாய் இடைவெளிக்குள்ளேயே ஏறிவிடும். அதை வரைபடத்தில் குறிக்காமல் விட்டால், கொத்தனார்மேல் பழி போட நமக்கு உரிமை இல்லை.

தலைவர் அவர்கள் நேரத்தைப் பார்க்கிறார்கள். தண்ணீரை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். பொறியாளர் பெருமக்களே, உங்கள் எஸ்டிமேட்டில் இந்தக் கட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். முதல்வர் அம்மா, ஒவ்வொரு மாணவரும் ஒரு மீட்டர் சுவராவது தம் கையால் கட்டாமல் தேர்ச்சி பெறக் கூடாது என்று விதி செய்யுங்கள். சிறுகக் கட்டச் சொன்ன ஊரில் அதைக் கைப்பழக்கமாகச் சொல்லித்தர வேண்டாமா?

கல்லூரி முற்றத்தில் இருநூறு கல் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு அண்ணாச்சிகள் கரணையோடு நிற்பார்கள். ரீப்பர் கட்டையை மாணவர்கள் கொண்டு வாருங்கள். வணக்கம்.