இறந்த பிறகு வரும் முதல் காதல்

நேயர்களுக்கு வணக்கம்.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோகிறாள். கண் விழிக்கும் இடம் மறு உலகம். அங்கே அவளுக்கு முன்பே வந்து சேர்ந்த ஒரு பையன் இருக்கிறான். உயிரோடு இருந்தவரை அவளுக்கு வராத காதல் இப்போது வருகிறது. இளையோருக்கான அமானுஷ்யக் காதல் நாவல்களில் இப்படித் தொடங்கும் கதைகள் உண்டு. இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை.

மற்ற காதல் கதைகளில், சாவு வந்து பிரித்துவிடுமோ என்று பயந்துகொண்டே படிப்போம். இங்கே அது முதல் அத்தியாயத்திலேயே வந்து போய்விட்டது. சரி, அப்புறம் எதற்குப் பயப்படுவது? நற்றிணையின் 397ஆம் பாட்டில் அம்மூவனார் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். பிரிந்து போனவன் இன்னும் திரும்பவில்லை. மாலைப்பொழுது வேறு வந்துவிட்டது. 'சாதல் அஞ்சேன்' என்கிறாள் அந்தப் பெண். செத்து வேறு பிறப்பு எடுத்தால் என் காதலனை மறந்துவிடுவேனோ, அதற்குத்தான் பயப்படுகிறேன் என்கிறாள். மறு உலகக் காதல் கதை எழுத வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாட்டு இது.

கிரேக்கர்கள் அந்த மறதிக்கென்று ஓர் ஆற்றையே வைத்திருந்தார்கள். அதன் பெயர் லேத்தே. மீண்டும் பிறக்கப் போகும் ஆன்மாக்கள் அதன் நீரைக் குடித்துப் பழையதை மறப்பதை ரோமானியக் கவிஞர் வெர்ஜில் தன் காவியத்தில் பாடுகிறார். இத்தாலியக் கவிஞர் தாந்தே, தானே மறு உலகில் பயணம் போவதாகப் பாடிய 'டிவைன் காமெடி'யில் யூனோயே என்று இன்னோர் ஆற்றையும் சேர்த்தார். லேத்தே பாவங்களின் நினைவைக் கழுவும். யூனோயே செய்த நல்லவற்றின் நினைவை மீட்டுத் தரும். அந்த லேத்தேயின் கரையில்தான் அவர் தான் காதலித்த பெயாட்ரிசை மறுபடியும் பார்க்கிறார். அவள் 1290இல் இளம் வயதிலேயே இறந்தவள். காவியம் நடப்பது 1300இல். பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவள் உருகிப் பேசுவாள் என்று எதிர்பார்ப்போம். அவளோ கண்டிக்கிறாள். நான் இறந்ததும் என்னை விட்டு விலகி வேறு பக்கம் போய்விட்டாயே என்று கேட்கிறாள். தாந்தே தலை குனிந்து அழுகிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இறந்தவளுக்கும் கோபம் இருக்கிறது, கேட்கும் உரிமை இருக்கிறது. இன்றைக்கு எழுதுகிற பலர் அந்த உலகத்துக் காதலர்களை வெறும் ஒளியும் புன்னகையுமாக ஆக்கிவிடுகிறார்கள். ஒரு சின்னச் சண்டைகூட வராது. படிக்கும்போது அவர்கள் மேல் ஒட்டுதலே வருவதில்லை.

உடல் என்ன ஆகிறது என்பதும் முக்கியம். கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில், இறந்தோர் உலகத்துக்குப் போகும் நாயகன் ஒடிசியஸ் இறந்த தாயை மூன்று முறை கட்டிக்கொள்ளப் போகிறான். மூன்று முறையும் அவள் நிழலாகக் கைநழுவிப் போகிறாள். விரல் பட்டாலே நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருக்கும் வயதில், தொடவே முடியாது என்பது எவ்வளவு பெரிய தண்டனை! ஆனால் அப்படி ஒரு விதியை வைத்தால் கடைசிவரை அதைக் காப்பாற்ற வேண்டும். முத்தக் காட்சிக்காக மட்டும் அதை ஓர் இரவு தளர்த்துவது வாசகரை ஏமாற்றுவது.

இன்னொன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதைகளைக் கையில் எடுக்கிற பிள்ளைகளில், நண்பனையோ அக்காவையோ பறிகொடுத்தவர்கள் இருப்பார்கள். இங்கே கிடைக்காத அன்பு அங்கே போனால் கிடைக்கும் என்று ஒரு நாவல் அவர்களை நம்பவைத்தால், அதை நான் மன்னிக்க மாட்டேன். அந்தப் பெண் எதை இழந்தாள் என்பது கண்ணில் பட வேண்டும். பாதியில் நின்ற படிப்பு, கோபத்தில் பேசாமல் விட்ட தங்கை, அவள் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடும் அம்மா. காதல் எத்தனை இனிமையாக இருந்தாலும் இவற்றுக்கு ஈடாகாது என்று அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஒரு நாவலை எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உயிரோடு இருப்பவர்கள் வரும் அத்தியாயங்களைத் தயவுசெய்து சுருக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.