பயமுறுத்தினால் சிரட்டை கவிழுமா?

காட்சி: மழை ஓய்ந்த காலை. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் அருகே ஒரு ரப்பர் தோட்டம். மரத்தில், ரப்பர் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை, அதாவது தேங்காய் ஓடு.

குரல்: இந்தச் சிரட்டைக்குள் எட்டிப் பாருங்கள். பால் வடிய வேண்டிய இடத்தில் மழைநீர் தேங்கி, அதில் நூல் துணுக்குகளைப் போலப் புழுக்கள் நெளிகின்றன. ஒரு வாரம், பத்து நாளில் இவை ஏடிஸ் கொசுக்களாகப் பறந்துவிடும். டெங்குவைப் பரப்புபவை இவைதாம். மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு நிற்கும் நாள்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் கேட்ட அறிவுரைதான். இருந்தும் இது நிமிர்ந்தே இருக்கிறது.

காட்சி: சாலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ.

குரல்: "டெங்கு உயிரைக் குடிக்கும்" என்ற அறிவிப்பைக் கேட்பவர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன: இந்த ஆபத்து என்னைத் தொடுமா, தொட்டால் என்னால் தடுக்க முடியுமா? இவற்றை மையமாக வைத்து 1992-இல் கிம் விட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். முதல் கேள்விக்கு "ஆம்" என்றும் இரண்டாவதற்கு "முடியாது" என்றும் விடை வந்தால், மனிதர் ஆபத்தை விட்டுவிட்டு அச்சத்தை அடக்கப் பார்க்கிறார். "சும்மா பீதி கிளப்புகிறார்கள்", "விதி இருந்தால் வரும்" என்ற பேச்சுகள் அப்படிப் பிறப்பவை. அதை அலட்சியம் என்று திட்டுவது, என் பார்வையில், நோயறியாமல் மருந்து கொடுப்பதாகும்.

காட்சி: ஒரு வரைபடம், அதில் வட்டமிட்ட கட்டடம்.

குரல்: 1965-இல் ஹோவர்ட் லெவென்தாலும் அவருடைய குழுவினரும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் தடுப்பூசி பற்றிய துண்டறிக்கைகளைக் கொடுத்தார்கள். மிகவும் அச்சமூட்டியதைப் படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணம் கூடுதலாக உள்ளதாகச் சொன்னார்கள். ஆனால் உண்மையில் போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கையை அச்சத்தின் அளவு மாற்றவில்லை. மாற்றியது, மருத்துவ மையத்தை வட்டமிட்டுக் காட்டிய வரைபடமும், எந்த நேரத்தில் போகலாம் என்று யோசித்துக்கொள்ளச் சொன்ன வரியும்தான். அச்சமூட்டும் துண்டறிக்கையோடு அவற்றையும் பெற்றவர்களில் சுமார் 28 விழுக்காட்டினர் போனார்கள். பெறாதவர்களில் சுமார் 3 விழுக்காட்டினரே. அச்சமே ஊட்டாமல் வழியை மட்டும் காட்டிய குழுவில் ஒருவரும் போகவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

காட்சி: மீண்டும் தோட்டம். கத்தியும் வாளியுமாக ஒருவர்.

குரல்: இவர் கூலிக்குப் பால் வெட்டுபவர். ஒரு நாளில் 300 மரங்கள் வரை வெட்டும் இவருக்கு, அத்தனை சிரட்டைகளையும் கவிழ்ப்பது கூலியில்லாத வேலை. "கவிழ்க்காவிட்டால் அபராதம்" என்றால் வீம்புதான் வளரும். அந்த வேலைக்குத் தோட்ட உரிமையாளர் கூலி கொடுத்தாலோ, கொசு கடிக்கப்போவது தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கும் இவருடைய பிள்ளையைத்தான் என்று தெரிந்தாலோ கை தானாக நீளும். ஆகவே அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "மழையால் நாளை வெட்டு இல்லையென்றால், இன்று பால் எடுத்துக்கொண்டு திரும்பும்போதே சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள், மழைநீர் தேங்காது, புழுவும் வளராது."

காட்சி: ஒரு கை சிரட்டையைக் கவிழ்க்கிறது. நீர் மண்ணில் இறங்குகிறது.