நரம்பு வளரும் வேகமும் தசையின் காத்திருப்பும்

அனைவருக்கும் வணக்கம். கை, கால்களுக்குச் செல்லும் புற நரம்புகள் அறுபட்டாலோ நசுங்கினாலோ அவற்றை மீட்க இன்று என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதை இந்தக் காணொளியில் விரிவாகப் பேசப் போகிறேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் போலன்றி, புற நரம்புக்கு மீண்டும் வளரும் ஆற்றல் உண்டு. வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்பிழைகள் சிதைந்துபோவதை பிரிட்டிஷ் உடலியலாளர் அகஸ்டஸ் வாலர் 1850இல் தவளைகளிடம் கண்டறிந்தார். அந்தச் சிதைவை, நரம்பிழைகளைச் சூழ்ந்திருக்கும் ஷ்வான் செல்கள் அகற்றிவிட்டு, மேலிருந்து முளைத்து வரும் புதிய இழைகளுக்கு வழி அமைத்துத் தருகின்றன. ஆனால் அந்த வளர்ச்சியின் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். நரம்புத் தொடர்பை இழந்த தசையோ 12 முதல் 18 மாதங்களுக்குள் மீட்க முடியாதபடி நலிந்துவிடுகிறது. முழங்கையின் உட்புறம் வழியாகச் சுண்டுவிரல் பக்கம் செல்லும் அல்நார் நரம்பு முழங்கைக்கு மேலே அறுபட்டால், உள்ளங்கையின் சிறு தசைகளை எட்ட இழைகள் சுமார் 40 சென்டிமீட்டர் வளர வேண்டும். அதற்கே 13 மாதங்களுக்கு மேல் ஆகிவிடும் என்பதால், எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் விரல்களின் நுண்ணிய அசைவு முழுமையாகத் திரும்புவது அரிது.

ஆகவேதான், "பொறுத்திருந்து பார்ப்போம்" என்ற அறிவுரைக்கு ஒரு கெடு இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். கூர்மையான கருவியால் அறுபட்ட நரம்பைச் சில நாட்களுக்குள் தைப்பதே நல்லது. தோல் கிழியாமல் நேர்ந்த காயத்தில் நரம்பு அழுந்தி மட்டும் இருக்கலாம் என்பதால் காத்திருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று, நான்கு வாரங்களில் தசையின் மின்செயல்பாட்டை அளக்கும் இஎம்ஜி பரிசோதனையைச் செய்து, மூன்று மாதங்களுக்குப் பிறகும் மீட்சியின் அறிகுறி தென்படவில்லையென்றால் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும்.

தொலைவையே குறைத்துவிடும் நரம்பு மாற்று அறுவை சிகிச்சை, இத்துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய முன்னேற்றம் என்பது என் கருத்து. 1994இல் பிரெஞ்சு மருத்துவர் கிறிஸ்டோஃப் ஓபர்லின், நலமாக இருக்கும் அல்நார் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையை மட்டும் பிரித்தெடுத்து, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் நரம்புக்கிளையோடு இணைக்கும் முறையை வெளியிட்டார். இதனால், கழுத்தருகே சேதமடைந்த நரம்பு வேரிலிருந்து இழைகள் வளர்ந்து வரக் காத்திராமல், தசைக்குச் சில சென்டிமீட்டர் அருகிலேயே புதிய இழைகள் புறப்படுகின்றன. கையின் பிடிமானமும் பெரும்பாலும் குறைவதில்லை. நரம்பில் இடைவெளி விழுந்தால், கெண்டைக்காலின் உணர்வு நரம்பை எடுத்து ஒட்டுவது இன்றும் வழக்கத்தில் உள்ளது. சிறிய இடைவெளிகளுக்குக் குழாய் வடிவ இணைப்பான்களும், தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய நரம்புகளும் உதவுகின்றன. அறுவை சிகிச்சையை ஒட்டி ஒரு மணி நேரம் 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 முறை, மின்தூண்டல் கொடுத்தால் இழைகள் விரைவில் புறப்படுகின்றன என்று நரம்பு ஆய்வாளர் டெஸ்ஸா கோர்டனும் அவருடைய குழுவினரும் விலங்குகளிடம் நிறுவினர். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கு அறுவை சிகிச்சை பெற்றவர்களிடமும் அது பயன் தந்திருக்கிறது.

ஆனால் இணைப்பு கூடிவிட்டால் போதுமா? போதாது. நரம்பு மாற்றம் செய்துகொண்டவர் தொடக்கத்தில் முழங்கையை மடக்க வேண்டுமென்றால், கையை இறுக மூடுவதாக எண்ண வேண்டியிருக்கும். பல மாதப் பயிற்சிக்குப் பிறகே மூளை இவ்விரு அசைவுகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்கிறது. உணர்விலும் இதே சிக்கல் உண்டு. இழைகள் பழைய இடங்களுக்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை என்பதால், ஒரு விரலைத் தொட்டால் அடுத்த விரலைத் தொட்டது போலத் தோன்றலாம். சுவீடன் மருத்துவர் கோரன் லுண்ட்போர்கும் அவருடைய குழுவினரும் உணர்வு திரும்பும் முன்பே பயிற்சியைத் தொடங்கும்படி வழிகாட்டினர். அதன்படி, நலமான கை தொடப்படுவதைக் கண்ணாடியில் பார்க்கும்போது, மரத்த கைக்கான மூளைப்பகுதி செயலற்றுப் போகாமல் காக்கப்படுகிறது. உணர்வு திரும்பத் தொடங்கியதும் பருத்தி, மரம், உலோகம் எனப் பல பொருள்களைக் கண்ணால் பார்த்தபடியும், பிறகு கண்ணை மூடியும் தடவி அடையாளம் காண வேண்டும். சிறிது நேரப் பயிற்சியை ஒரு நாளில் பல முறை செய்வது, ஒரே மூச்சில் நெடுநேரம் செய்வதைவிடப் பயனளிக்கும்.

அசைவும் உணர்வும் திரும்பும் வரை, மூட்டுகள் இறுகிவிடாமல் பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி மற்றொரு கையால் அவற்றை அசைத்துக் கொடுங்கள். வெந்நீரின் சூட்டை எப்போதும் நலமான கையாலேயே பாருங்கள், ஏனெனில் மரத்த தோல் வெந்துபோனாலும் வலி தெரியாது.